ஐயத்தின் பயன் எவருக்கு? வெற்றிமாறன் படங்களை முன்வைத்து

குற்ற உலகைப் பொருளாகக் கொண்ட தமிழ்ப் படங்களைப் பற்றி நம்மவரிடையே நிகழும் பேச்சு பெரும்பாலும் ஒரே வினாவில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றது: 'நம்மை எவ்வாறு காட்டியிருக்கிறார்கள்?' 1995இல் 'பம்பாய்' வெளிவந்தபோதும், 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' தமிழ்நாட்டில் தடைபட்டு நின்றபோதும் எழுந்த வினா இதுவே. வினா பிழையானதன்று. கடத்தல்காரனுக்கும் வெடிகுண்டு வைப்பவனுக்கும் தாடியும் தொப்பியும் அணிவித்துப் பழகிய ஒரு கலைத்துறையிடம் அதைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. ஆயினும் அது முதல் வினாவேயன்றி முடிவான வினாவன்று. நம் பெயர் தாங்கிய பாத்திரம் நல்லவனாக வந்தால் மகிழ்வதும், தீயவனாக வந்தால் வெகுள்வதும் மட்டுமே நம் திறனாய்வு என்றால், நீதியைப் பற்றிய நம் கவலை நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றது என்றுதான் பொருள். குற்றம் சாட்டப்பட்டவன் எவனாயினும் அவனுக்கு என்ன நேர்கின்றது, அவன் பக்கம் நிற்பவர் யார் என்பது இரண்டாவது வினா. அதுவே கடினமான வினா.

இவ்விரண்டாவது வினாவைத் துணையாகக் கொண்டு இயக்குநர் வெற்றிமாறனின் திரைப்பாதையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அரபிக் கல்லூரி ஆசிரியர்க்குத் திரைப்படத்தில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். நம் மாணவர்கள் இப்படங்களைப் பார்க்கின்றனர். பார்த்ததைக் கொண்டே சட்டத்தையும் ஆட்சியையும் பற்றி எண்ணத் தொடங்குகின்றனர். அவர்கள் எண்ணத் தொடங்கிய இடத்தில் ஆசிரியன் இல்லாதிருப்பது முறையன்று என்பதே எம் விடை.

திருடுபோன வண்டியிலிருந்து காவல் நிலையம் வரை

1975இல் பிறந்த வெற்றிமாறன், சென்னை இலயோலாக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று, பின் பாலு மகேந்திராவிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். ஈழத்தின் மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா, தமிழ்ச் சிறுகதைகளைத் தேடிப் படித்து 'கதை நேரம்' என்னும் தொடராகத் தொலைக்காட்சிக்கு ஆக்கித் தந்தவர் என்பதை வாசகர் அறிவர். நூலைப் படித்துவிட்டுப் படம் எடுக்கும் பழக்கம் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வந்தது எனலாம். வெற்றிமாறனின் 'விசாரணை' மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நூலிலிருந்தும், 'அசுரன்' பூமணியின் 'வெக்கை' நாவலிலிருந்தும், 'விடுதலை' ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்தும் பிறந்தவை.

2007 முதல் 2024 வரை அவர் இயக்கிய முழுநீளப் படங்கள் ஏழு. முதற்படம் 'பொல்லாதவன்' 2007 தீபாவளிக்கு வெளிவந்தது. கீழ் நடுத்தரக் குடும்பத்து இளைஞன் ஒருவன் ஆசைப்பட்டு வாங்கிய இருசக்கர வண்டி திருடுபோகின்றது. அதைத் தேடிப் போகும் அவன், போதைப்பொருள் கடத்துவோரின் உலகுக்குள் நுழைகின்றான். இத்தாலிய இயக்குநர் டி சிக்காவின் 1948ஆம் ஆண்டுப் படமான 'சைக்கிள் திருடர்கள்' இங்கே நினைவுக்கு வரும். அங்கே மிதிவண்டியைப் பறிகொடுத்த ஏழை, வேறு வழியின்றித் தானே திருட முயன்று, மகன் கண்ணெதிரில் பிடிபடுகின்றான். பறிகொடுத்தவனுக்கும் திருடனுக்கும் இடையிலுள்ள சுவர் எத்துணை மெல்லியது என்பதே அப்படத்தின் செய்தி. 'பொல்லாதவ'னில் அச்சுவர் கெட்டியாகவே இருக்கின்றது. நாயகனின் கைவலிமையே முடிவை எழுதுகின்றது. எனினும் தந்தை மகனுக்கிடையிலான மனத்தாங்கலும், ஒரு வண்டி வந்தவுடன் வீட்டில் அவனுக்கு ஏற்படும் மதிப்பும் காட்டப்பட்ட விதத்தில் ஒரு புதிய கண் தெரிந்தது.

2011 பொங்கலுக்கு வந்த 'ஆடுகளம்' அக்கண்ணை உறுதி செய்தது. மதுரையின் சேவற்சண்டைக் களம் அதன் நிலம். இலங்கைக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் ஏற்ற பேட்டைக்காரன் பாத்திரம், தன் சொல்லை மீறிச் சேவலைக் களத்தில் விட்டு வென்ற சீடன் மீது கொள்ளும் பொறாமையே கதை. தேசிய விருதுகளில் சிறந்த இயக்கம், திரைக்கதை உள்ளிட்ட ஆறு விருதுகள் அதற்குக் கிடைத்தன. குற்றம் வறுமையிலிருந்து மட்டுமே பிறக்கின்றது என்னும் எளிய கணக்கை அப்படம் ஏற்கவில்லை. பணத்தைவிடப் பெயரே அங்கே பெரிது. ஹஸது என்று நம் ஒழுக்க நூல்கள் எச்சரிக்கும் நோய், ஒரு மூத்தவரின் உள்ளத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்து முற்றும் வரலாற்றை இத்துணைப் பொறுமையாகச் சொன்ன தமிழ்ப்படம் வேறொன்றை எளிதில் காட்ட முடியாது. இறுதியில் குருவின் வஞ்சகத்தை அறிந்த சீடன், அதை ஊருக்குச் சொல்லாமல், அவருடைய பெயருக்குக் களங்கம் வராமல் ஊரைவிட்டே போகின்றான். பழிவாங்கும் வாய்ப்பைக் கைவிட்டுப் பிறர் குறையை மறைக்கும் அந்த முடிவு, இவ்வியக்குநரின் பிற்காலப் படங்களில் அரிதாகிவிட்டது என்பதைப் பின்னர் காண்போம்.

'விசாரணை'யும் ஒரு பெயரும்

2015 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2016 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் வெளிவந்த 'விசாரணை' இத்திரைப்பாதையின் நடுக்கல். கோவையில் ஆட்டோ ஓட்டி வாழ்ந்த சந்திரகுமார், 1980களில் ஆந்திரத்தின் குண்டூரில் காவல் நிலையத்தில் தாம் பட்ட வதையை நூலாக எழுதினார். அதைப் படமாக்கியதில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. முன்னைய படங்களில் குற்றம் தெருவில் இருந்தது; இங்கே அது நிலையத்துக்குள் வந்து அமர்ந்துகொண்டது. 'யார் குற்றவாளி' என்னும் வினா மறைந்து, 'குற்றவாளி என்று பெயர் சூட்டும் அதிகாரம் யாரிடம் உள்ளது' என்னும் வினா முன்னே வந்தது.

பிழைப்புத் தேடிக் குண்டூருக்குச் சென்ற தமிழ் இளைஞர் நால்வர் பூங்காவில் உறங்கி, கடைகளில் வேலை செய்கின்றனர். செல்வாக்குள்ள ஒருவர் வீட்டில் நடந்த திருட்டு வழக்கை முடித்தாக வேண்டிய நெருக்கடியில், காவலர்கள் அவர்களைப் பிடித்து, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு அடிக்கின்றனர். நால்வருள் ஒருவன் பெயர் அஃப்சல். இரவில் தனியே திரும்பும் அவனை நிறுத்திய காவலர் பெயரைக் கேட்கின்றார். பெயர் சொன்னவுடன் உலகப் பயங்கரவாத இயக்கங்களின் பெயர்களை அடுக்கி, அவற்றுள் எதைச் சேர்ந்தவன் என்று வினவுகின்றார். தமிழன் என்று சொன்னவுடன் ஈழத்து இயக்கமா என்கின்றார். சில நொடிகளில் முடியும் காட்சி இது. ஆயினும் 'நம்மை எவ்வாறு காட்டியிருக்கிறார்கள்' என்று கேட்போர் கூர்ந்து நோக்க வேண்டிய காட்சி. அஃப்சலை இயக்குநர் நல்லவனென்று வாதிடவில்லை, தீயவனென்று காட்டவுமில்லை. அவன் பெயரே ஒரு குற்றச்சாட்டாக மாறும் கணத்தை மட்டும் காட்டுகின்றார். அடுத்த மூச்சில் அவனுடைய மொழியும் அதே வகையில் குற்றச்சாட்டாகின்றது. பெயரால் ஐயுறப்படும் முஸ்லிமும், மொழியால் ஐயுறப்படும் தமிழனும் ஓர் உடம்பில் நிற்கின்றனர். ஐயம் என்பது எதிரில் நிற்பவனிடமிருந்து எழுவதன்று. கேட்பவன் தன்னுடன் கொண்டுவருவது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டை அறிந்தவர்க்கு இக்காட்சி மேலும் நன்கு விளங்கும். ஊர் உறங்கும் நேரத்தில்தான் அங்கே நாள் பிறக்கின்றது. நள்ளிரவுக்குப் பின் காய்கறி லாரிகள் வந்து நிற்கின்றன. மூட்டை இறக்குவோரும், மண்டிக் கணக்கரும், தள்ளுவண்டிக்காரரும், தேநீர் ஆற்றுவோரும், சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து சரக்கெடுக்க வரும் சில்லறை வணிகரும் அங்கே கூடுகின்றனர். ஃபஜ்ருடைய பாங்கு ஒலிக்கும்போது வணிகத்தில் ஒரு பெரும்பகுதி முடிந்திருக்கும். இறக்கிய மூட்டைமேலேயே தலைசாய்த்துச் சிறிது கண்ணயர்வோரையும் காணலாம். இரவு இரண்டு மணிக்குத் தெருவில் நடப்பவன் ஐயத்துக்குரியவன் என்பது குடியிருப்புப் பகுதிகளின் விதி. காந்தி மார்க்கெட்டில் அதுவே வேலை நேரம். பூங்காவில் உறங்குபவன், இரவில் நடப்பவன், முகவரி கேட்டால் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லத் தெரிந்தவன் ஆகியோரைக் குற்றவியல் மொழி 'சந்தேகத்துக்கிடமானவர்' என்கின்றது. சந்தை மொழியில் அவர்கள் வேலைக்காரர்கள். 'விசாரணை' இவ்விரு மொழிகளுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டவர்களின் கதை.

முன்னொரு காலம் தமிழன் குண்டூருக்குப் போனான். இன்று பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் தொழிலாளர் தமிழ்நாட்டுக்கு வருகின்றனர். 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர் என்று ஐயுறப்பட்ட வடமாநிலத்தவர் ஐவர் ஒரே இரவில் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்டதை இங்கே நினைவுகூர வேண்டும். 'விசாரணை'யின் பிற்பகுதி சென்னைக்கு வந்து சேரும்போது, அந்நிகழ்ச்சி பார்ப்போர் நெஞ்சில் எழாமல் இராது. குண்டூரில் அந்நியனாய் அடிபட்ட தமிழனுக்காகக் கண்ணீர் விடும் பார்வையாளன், தன் ஊர்ச் சந்தையில் மூட்டை தூக்கும் அந்நியனை எக்கண்ணால் பார்க்கின்றான்? படம் இவ்வினாவை வாய்விட்டுக் கேட்கவில்லை. கதையின் அமைப்பே கேட்கின்றது.

இக்ராரும் இக்ராஹும்

அடித்துப் பெறும் வாக்குமூலத்தைப் பற்றி நம் சட்ட மரபு என்ன கூறுகின்றது என்பதை ஈண்டு நோக்குதல் பொருத்தமாகும். ஃபிக்ஹு நூல்களில் இக்ரார் எனப்படும் ஒப்புதல் வலிமையான சான்று. அது வலிமையானது என்பதாலேயே அதற்கு நிபந்தனைகளும் மிகுதி. அவற்றுள் தலையாயது, ஒப்புதல் தருபவன் தன் விருப்பத்தோடு தருபவனாய் இருத்தல். இக்ராஹ் எனப்படும் வற்புறுத்தல் நுழைந்தவிடத்து இக்ரார் வெளியேறிவிடும். பசியிலும் அச்சத்திலும் சிறையிலும் வைக்கப்பட்ட மனிதன் தன்னைப் பற்றித் தானே உண்மை சொல்வான் என நம்புவதற்கில்லை என்னும் கருத்து உமர் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகின்றது. ஹிஜ்ரி 182இல் மறைந்த இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில், ஐயத்தின் பேரில் பிடிக்கப்பட்டவர்களை அடிப்பதைக் கண்டித்து எழுதியிருப்பதும் குறிப்பிடத்தக்கது. ஆட்சியாளனுக்கே நேராக எழுதப்பட்ட கண்டனம் அது.

ஐயம் தோன்றினால் ஹத்துத் தண்டனை விலகும் என்பது சட்ட அறிஞர்களின் பொது விதி. மன்னிப்பதில் தவறிவிடுவது, தண்டிப்பதில் தவறிவிடுவதைவிடத் தலைவனுக்கு மேலானது என்னும் கருத்தமைந்த அறிவிப்பு திர்மிதீ தொகுப்பில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை வல்லாரிடையே பேச்சு உண்டு. ஆயினும் கருத்தைச் சட்ட உலகம் ஏற்றுக்கொண்டது.

இவ்வளவோடு நிறுத்தினால் நம் மரபைப் புகழ்ந்தவராவோம். உண்மையை முழுதும் சொன்னவராக மாட்டோம். பிற்கால அறிஞருள் சிலர், கெட்டவனென்று பெயர்பெற்றவனை அடித்து விசாரிக்க ஆட்சியாளனுக்கு இடம் கொடுத்தனர். 1350இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்), 'அத்துருகுல் ஹுக்மிய்யா' நூலில் ஐயுறப்படுவோரை நல்லோர், தீயோர், நிலை அறியப்படாதோர் என மூவகையாக்கிப் பேசுகின்றார். நல்லோரை அவதூற்றிலிருந்து காப்பதும் அவர்தம் நோக்கம் என்பதை மறுக்கலாகாது. ஆனால் அவ்வகைப்பாட்டின் உயிர்நிலை ஒரே கேள்வியில் உள்ளது: இன்னவன் தீயவன் என்னும் பெயரை எழுதுபவர் யார்?

'விசாரணை'யின் பிற்பகுதி இக்கேள்விக்கே விடையாக அமைந்துள்ளது. குண்டூர் நீதிமன்றத்தில் தமிழ்நாட்டுக் காவல் ஆய்வாளர் முத்துவேல் மொழிபெயர்த்து உதவியதால் இளைஞர்கள் விடுதலை பெறுகின்றனர். அவர்கள் சொன்ன உண்மை அவருடைய நாவின் வழியாகவே நீதிபதியின் செவிக்கு எட்டுகின்றது. பின்னர் அதே முத்துவேலின் நிலையத்தில் கணக்காயர் ஒருவர் காவலில் இறந்துபோக, அதை மறைக்க வேண்டிய தேவை எழுகின்றது. நிலையத்தைத் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்த அப்பாவிகள், காதில் விழக்கூடாத பேச்சைக் கேட்டவர்களாகின்றனர். உடனே அவர்களுக்குக் கொள்ளையர் என்னும் பெயர் எழுதப்படுகின்றது. பெயர் முதலில் வருகின்றது. சான்று பின்னர் தயாராகின்றது. உயிர் கடைசியில் போகின்றது. அறியப்படாதோர் ஓர் இரவுக்குள் தீயோராக்கப்படும் முறையை, ஐந்நூறு பக்கச் சட்ட விளக்கத்தைவிடத் தெளிவாக இப்படம் காட்டுகின்றது. மூன்று தேசிய விருதுகள் கிடைத்ததையும், 2016இல் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதையும் விட இதுவே அப்படத்தின் பேறு என்போம்.

இந்தியச் சட்டமும் இவ்வகையில் வாய்மூடி இருக்கவில்லை. காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. கைது செய்யும் முறைக்கு டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வழிகாட்டுதல் தந்தது. இவை யாவும் இருந்தும், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமாகிய ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் வதைபட்டு இறந்தனர். ஆதலின் குறை விதியில் இல்லை. வதையைக் கேள்விப்பட்டவுடன் 'ஏதேனும் செய்திருப்பான்' என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் செல்லும் நம் அனைவர் நாவிலும் குறை இருக்கின்றது. இச்சொற்றொடரைச் சொல்ல முடியாதபடி செய்வதே 'விசாரணை' போன்ற படத்தின் பயன்.

நாயகனின் கை தவறுவதில்லை

புகழ்ச்சியோடு முடிப்பது திறனாய்வாகாது. 'விசாரணை'க்குப் பின் வந்த படங்களில் நாம் காணும் குறைகளையும் சொல்ல வேண்டும்.

எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூழ் 1961இல் வெளியிட்ட 'அல்லிஸ்ஸு வல்கிலாப்' (திருடனும் நாய்களும்) நாவலை அரபு படித்தோர் அறிவர். சிறையிலிருந்து வெளிவரும் ஸயீத் மஹ்ரான், தனக்குத் துரோகம் செய்த மனைவியையும் நண்பனையும், புரட்சி பேசித் தன்னைத் திருடனாக்கிவிட்டுப் பின் செல்வனாகிவிட்ட பத்திரிகையாளனையும் பழிதீர்க்கப் புறப்படுகின்றான். அவன் சுடும் குண்டுகள் குறியைச் சேர்வதில்லை. துரோகிகள் பிழைத்துக்கொள்ள, சம்பந்தமற்றவர்கள் சாகின்றனர். பழிவாங்குபவனின் வேதனை முழுதும் நம்முடையதாகின்றது. ஆனால் அவனுடைய செயலை நாம் மெச்ச முடிவதில்லை. குற்ற இலக்கியத்தின் அறம் இவ்விடத்தில்தான் இருக்கின்றது.

2018இல் வந்த 'வட சென்னை' பரப்பில் பெரிய படம். 1980களின் பிற்பகுதியில் தொடங்கி, கடலோர மக்களின் நிலம் வளர்ச்சியின் பெயரால் பறிபோகும் வரலாற்றை, ராஜன் என்னும் தலைவனின் கொலையோடு பின்னிச் சொல்கின்றது. இயக்குநர் அமீர் அப்பாத்திரத்தை ஏற்றிருந்தார். உண்ட இடத்திலேயே தலைவனை வெட்டும் சீடர்கள், சிறைக்குள் நடக்கும் கேரம் போட்டி, கணவனைக் கொன்றவர்களுள் ஒருவனையே மணந்து காத்திருக்கும் சந்திரா என அதன் பாத்திரங்களும் நிகழ்ச்சிகளும் நெஞ்சில் நிற்பவை. ஆயினும் படம் செல்லச் செல்ல நிலத்தைப் பற்றிய வழக்கு பின்னுக்குப் போய், யார் யாரை எப்போது வெட்டுவார் என்னும் எதிர்பார்ப்பு முன்னுக்கு வந்துவிடுகின்றது. மக்களின் வழக்கைத் தலைவர்களின் பகை விழுங்கிவிடுகின்றது.

'அசுரன்' (2019) இதனை இன்னும் தெளிவாக்குகின்றது. பூமணியின் நாவலில், கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவனும் அவன் தந்தையும் காட்டிலும் மேட்டிலும் பதுங்கிக் கழிக்கும் நாள்களே கதை. பசியும் அச்சமும் தண்ணீர்த் தாகமும் அங்கே பேசுகின்றன. படம் தந்தைக்கு ஒரு முன்கதையைச் சேர்த்தது. 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் தீயில் மாண்ட கொடுமையை நினைவுறுத்தும் காட்சி அம்முன்கதையில் இடம்பெற்றது. இச்சேர்க்கை வரலாற்று நோக்கில் நன்று. ஆனால் அதே தந்தை வேலெடுத்துத் தனியொருவராய்ப் பலரை வீழ்த்தும்போது, ஒடுக்கப்பட்டோரின் வழக்கு ஒரு வீரனின் தோள்வலியாகச் சுருங்கிவிடுகின்றது. இறுதியில் தந்தை மகனிடம் கல்வியின் பெருமையைச் சொல்கின்றார். அரங்கில் எழுந்த கைதட்டலோ வேலுக்குத்தான். ஸயீத் மஹ்ரானின் குண்டு தவறியது. வெற்றிமாறனின் நாயகர்கள் கை தவறுவதேயில்லை. குறி தவறாத பழி, பார்ப்பவனுக்கு நிறைவு தருகின்றது. நிறைவு பெற்றவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகின்றான். 'ஆடுகள'த்தின் சீடன் பழியை விட்டுவிட்டுச் சென்றபோது நம்மிடம் எஞ்சிய கனம் இங்கே இல்லை.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. 2023 மார்ச்சில் வெளிவந்த 'விடுதலை'யின் முதற்பகுதி, தொடர்வண்டி ஒன்று வெடிவைத்துக் கவிழ்க்கப்படும் காட்சியோடு தொடங்குகின்றது. 1987இல் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் மலைக்கோட்டை விரைவு வண்டி கவிழ்ந்ததை மறவாத திருச்சி மக்களுக்கு அக்காட்சி வெறும் திரைவித்தையாகத் தோன்றாது. மலைக்கிராமத்துப் பெண்களைக் காவலர் அடைத்துவைத்து வதைக்கும் பகுதி, 1992 ஜூனில் வாச்சாத்தியில் நிகழ்ந்ததை நினைவூட்டுகின்றது. அவ்வழக்கில் 2011இல் தருமபுரி நீதிமன்றம் 269 அரசு ஊழியரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இத்தகைய கொடுமையைப் படமாக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஆடை களையப்பட்ட பெண்களின் வதையைக் காட்டிவிட்டு, அவர்களை மீட்பதற்காகக் காவலன் குமரேசன் தலைவனைப் பிடிக்க ஓடும் ஓட்டத்தை இடையிடையே வெட்டி ஒட்டியிருப்பது எதற்காக? பெண்ணின் வேதனை அங்கே நாயகனின் ஓட்டத்துக்கு ஒரு கடிகாரமாகிவிடுகின்றது. மனிதனின் மானம் உயிருக்கு நிகரான பாதுகாப்புடையது என்பது நம் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அநீதி இழைத்தவன் ஒருமுறை பறித்த மறைவை, அநீதியைக் கண்டிக்கும் கலைஞன் இரண்டாம் முறை பறிக்கலாமா? சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரலை மட்டும் கேட்கச் செய்திருந்தாலும் நெஞ்சு நடுங்கியிருக்கும். 'விசாரணை'யின் நீண்ட அடிதடிக் காட்சிகளைக் குறித்தும் இதே வினாவைச் சிலர் எழுப்புவர். அங்கே அடி விழும்போது பார்வையாளனுக்குத் தப்பி ஓட ஒரு நாயகன் கொடுக்கப்படவில்லை. அதுவே வேறுபாடு.

2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பகுதி, ஆயுதம் ஏந்திய ஆசிரியர் பெருமாளின் வாழ்வைச் சொல்கின்றது. அதிகாரிகள் அறைக்குள் அமர்ந்து, மறுநாள் செய்தித்தாளில் எது வர வேண்டும் என்று முடிவு செய்யும் காட்சிகள் இவ்வியக்குநரின் கூர்மைக்குச் சான்று. ஆனால் பெருமாள் வாய்திறந்தால் உரையாற்றுகின்றார். குத்பா மேடையில் நின்று பழகிய நமக்கு ஒன்று தெரியும்: கேட்பவன் தானே வந்து சேர வேண்டிய முடிவை நாம் முந்திச் சொல்லிவிட்டால், அவன் தலையசைப்பான், மனம் அசையாது. அஃப்சலிடம் பெயர் கேட்கப்பட்ட அந்தச் சில நொடிகளில் இருந்த ஆற்றல், பெருமாளின் நீண்ட உரைகளில் இல்லை.

எஞ்சும் கடன்

இவ்வளவு குறைகளையும் எண்ணிய பின்னரும், தமிழ்க் குற்றப்படம் சென்ற தூரத்தை வெற்றிமாறனின் பாதையைக் கொண்டே அளக்க வேண்டியிருக்கின்றது. காவல்துறை அதிகாரி நீதிமன்றத்தை ஒதுக்கிவிட்டுத் தானே சுட்டு நீதி வழங்குவதைப் பெருமையாகக் கொண்டாடிய படங்கள் தமிழில் ஏராளம். அவற்றைப் பார்த்துக் கைதட்டிய கூட்டத்தில் நம் இளைஞரும் இருந்தனர். அத்துப்பாக்கியின் மறுமுனையில் நிற்பவனுக்கு ஒரு முகமும் பெயரும் உண்டு என்று காட்டியது இவருடைய தொண்டு.

எனினும் அஃப்சலுக்குப் பெயரும் அச்சமும் கிடைத்தனவேயன்றி, வீடு கிடைக்கவில்லை. அவன் தாய் யார், எந்தத் தெருவில் வளர்ந்தான், குண்டூருக்கு ஏன் போனான் என்பவற்றை நாம் அறியோம். நூல்களிலிருந்து படமெடுக்கும் ஓர் இயக்குநருக்கு அவ்வீட்டைக் காட்டத் தமிழ் முஸ்லிம் எழுத்தில் பஞ்சமில்லை. ஓர் ஊரின் பெருந்தனக்காரர் இழைக்கும் கொடுமையைத் தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் எழுதிவிட்டார். விளிம்புநிலை முஸ்லிம்களின் வாழ்வைக் கீரனூர் ஜாகிர்ராஜா 'மீன்காரத் தெரு'வில் எழுதிவிட்டார். அந்நாவல்கள் நம்மை நல்லவராக மட்டும் காட்டுவனவல்ல. நமக்குள்ளேயே ஒடுக்குவோரும் ஒடுக்கப்படுவோரும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்வன. அவற்றுள் ஒன்றை நேர்மையான கலைஞர் ஒருவர் படமாக்கினால், நம்மவரிடையே முதல் வினாதான் மீண்டும் எழும்: 'நம்மை ஏன் இவ்வாறு காட்டினீர்?' அப்போது இரண்டாவது வினாவைக் கேட்கும் பக்குவம் நம்மிடம் இருக்க வேண்டும். அதற்கான பயிற்சியை வகுப்பறையிலும் இதழ்ப் பக்கங்களிலும் தொடங்குவது, திரையுலகின் கடனன்று, நம்முடைய கடன்.